பனியும் பணியும்: வீட்டில் எந்த எழுத்தைப் பழக்குவது?

பிள்ளைக்கு எந்தக் கையெழுத்தைப் பழக்குவது என்ற கேள்வி எங்கள் ஊர் வீடுகளில் முன்பு இருந்ததில்லை. முதலாம் தரத்தில் சேர்த்துவிட்டால் மிச்சத்தை ரீச்சர் பார்த்துக்கொள்வார். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது அந்த வழக்கம் நின்றுபோனது. அந்த வருடம்தான் என் தம்பி தரம் 1க்குப் போனவன். வகுப்பில் இரண்டு மாதம்கூட முழுதாக இருக்கவில்லை. அதன் பிறகு அவனுக்கு எழுத்துப் பழக்கியது வீடு.

ரீச்சர் தன்னால் முடிந்ததைச் செய்தார். கொப்பியில் எழுதிப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். இறம்பொடையில் சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடி ஏறிப்போய் அதை இறக்கிக்கொண்டு வருவோம். ஆனால் படத்தில் தெரிவது எழுதி முடித்த எழுத்து. கை எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் சுழன்றது, எங்கே தூக்கியது என்று படம் சொல்லாது. ஆறு வயதுப் பிள்ளை அதைப் பார்த்து எழுதுவதில்லை, வரைகிறது. ‘அ’வை வாலிலிருந்து தொடங்கி மேலே ஏறும் பிள்ளைகளை எங்கள் லைனிலேயே மூன்று பேர் பார்த்திருக்கிறேன். வடிவம் சரியாகத்தான் வரும். பிற்பாடு வேகமாக எழுத வேண்டி வரும்போதுதான் அந்தக் கை தடுமாறும்.

எங்கள் வீட்டில் பழக்கும் பொறுப்பு உம்மும்மாவுக்கு வந்தது. சுளகில் அரிசியைப் பரப்பி, தம்பியின் விரலைப் பிடித்து எழுதவைத்தார். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. உம்மும்மா எழுதும் ‘லை’க்கும் ‘னை’க்கும் முன்னால் யானைத் தும்பிக்கை போல ஒரு கொம்பு மேலே வளைந்து நிற்கும். ‘ணா’, ‘றா’, ‘னா’ மூன்றும் தனிக்கால் இல்லாமல் அடியிலேயே சுழிந்து முடியும். தம்பியின் பாடநூலில் அவை எதுவும் இல்லை. “உம்மும்மா பிழையா எழுதுறாங்க” என்றான் அவன். “மகன், நான் படிச்ச புத்தகத்துல இப்பிடித்தான் இருந்திச்சி” என்றார் அவர். இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

அந்த எழுத்துகளுக்கு ஒரு கதை இருக்கிறது. பெரியார் 1935இல் தன்னுடைய ‘குடி அரசு’ பத்திரிகையில் சீர்திருத்திய எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1978இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த தமிழ்நாட்டு அரசு அதை ஆணையாக்கி, 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. எம்.ஜி.ஆர். நம்முடைய மலைநாட்டின் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியும். உம்மும்மாவின் கொம்பை எடுத்துவிட்டவர் அவர்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ! அதற்கும் முன்னால், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைக்கவில்லை. ‘எ’யையும் ‘ஏ’யையும் வேறுபடுத்திக் காட்டிய பெருமை வீரமாமுனிவருக்குக் கொடுக்கப்படுகிறது. அவருடைய காலம் 1680 முதல் 1747 வரை. ஆகவே ‘இதுதான் சரியான தமிழ் எழுத்து, ஆதியிலிருந்து இப்படித்தான்’ என்று எந்தத் தலைமுறையும் சொல்லிக்கொள்ள முடியாது.

எங்கள் வீட்டில் உம்மா ஒரு முடிவு எடுத்தார். கைக்குப் பாடநூலின் எழுத்து, கண்ணுக்கு உம்மும்மாவின் எழுத்து. தம்பி எழுதுவது புத்தகத்தில் உள்ளபடி இருக்க வேண்டும். உம்மும்மாவின் பழைய கடிதங்களை வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் பழக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இதைத்தான் நான் சொல்வேன். பாடநூல் அரசாங்கம் இலவசமாகத் தருவது. லயத்து வீட்டிலும் கடைத்தெரு வீட்டிலும் ஒரே புத்தகம். அதிலுள்ள எழுத்தைப் பழகிய பிள்ளைக்கு வகுப்பில் புதிதாக ஒன்றும் இருக்காது.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி: சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா? எங்கள் பிள்ளைகள் நான்கு எழுத்துமுறைகளோடு வளர்கிறார்கள். காலையில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும், பின்னேரம் குர்ஆன் மத்ரஸாவில் அரபு. அரபைச் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அலிப், வாவ் போன்ற ஆறு எழுத்துகள் மட்டுமே தமக்கு அடுத்து வரும் எழுத்தோடு சேராது. ஆங்கிலத்தை எப்படியும் எழுதலாம். பின்லாந்தில் 2016இன் பாடத்திட்டத்தோடு சேர்த்தெழுதப் பழக்கும் கட்டாயம் போய்விட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலோ 2024இலிருந்து அதை மீண்டும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அவர்களே முடிவு செய்து முடியாத சண்டையை நாம் ஏன் தமிழுக்குள் கொண்டுவர வேண்டும்?

தமிழைச் சேர்த்து ஓட்டினால் முதலில் காணாமல் போவது புள்ளி. அண்ணன் ‘அணணன’ ஆகிவிடுவார். அடுத்தது ‘ர’வின் அடியில் இருக்கும் சாய்ந்த கோடு. அது இல்லாவிட்டால் ‘ர’ வெறும் காலாகிவிடும். ‘மரம்’ ‘மாம்’ ஆகும். மூன்றாவது சுழி. இரண்டு சுழி ‘ன’வும் மூன்று சுழி ‘ண’வும் அவசரத்தில் ஒரே நெளிவாகிவிடும். பனி என்றால் எங்கள் ஊரை மூடுவது. பணி என்றால் வேலை. தம்பி ஒரு நாள் ‘காலையில் பணி அதிகம்’ என்று எழுதியிருந்தான். தோட்டத்தில் அதுவும் உண்மைதான் என்று உம்மா சிரித்தார். சோதனைத்தாள் திருத்துகிறவர் சிரிக்கமாட்டார்.

ஆகவே தமிழுக்கு நிமிர்ந்த, பிரித்தெழுதும் எழுத்து. சுழியை எண்ணி எழுதவேண்டும், புள்ளியை அந்தந்தச் சொல் முடியும்போதே வைக்கவேண்டும். வேகம் பிறகு தானாக வரும்.

‘முத்து முத்தான எழுத்து’ பற்றியும் சொல்லவேண்டும். பெண் பிள்ளைகளிடம் இது அதிகமாக எதிர்பார்க்கப்படுகிறது. நானாமார் எப்படி எழுதினாலும் “ஆம்பிளப் புள்ள எழுத்து அப்பிடித்தான்” என்று விட்டுவிடுவார்கள். நாங்கள் எழுதினால் குணத்தையே அதில் பார்ப்பார்கள். அழகான எழுத்தை நான் வெறுக்கவில்லை. எங்கள் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகைக்கு அப்படி ஒருத்தி இல்லாமல் முடியாது. ஆனால் உயர்தரத்தில் கட்டுரை வினாத்தாளுக்குக் கிடைப்பது மூன்று மணித்தியாலம், அதற்கு முன்னால் வாசிக்கப் பத்து நிமிடம். ஒவ்வொரு எழுத்தையும் அச்சுப்போல் செதுக்கப் பழகிய என் வகுப்புத் தோழிகள், பதில் தெரிந்தும் கடைசி வினாவை அரைவாசியில் விட்டுவிட்டு வருகிறார்கள். ஐந்து வயதில் யாரோ ஒருவர் அழகுக்குப் போட்ட நட்சத்திரத்துக்கு இது பதினெட்டு வயதில் கொடுக்கும் விலை. வீட்டில் பழக்கும் தாய்மாரே, பிள்ளையின் பக்கத்தைப் பார்த்து “வடிவா இருக்கு” என்று சொல்வதற்கு முன்னால், அதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். தடங்காமல் வாசிக்க முடிந்தால் அது நல்ல எழுத்து.

கொப்பியைப் பற்றியும் ஒரு சொல். 2022இல் நாட்டில் தாளுக்கே தட்டுப்பாடு வந்து, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்டார்கள். கொப்பி விலை ஏறிய ஏற்றத்தை மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் கேட்டுப் பாருங்கள். கடையில் விற்கும் பளபளப்பான ஆங்கிலக் கையெழுத்துப் பயிற்சிப் புத்தகங்கள் இல்லாமலேயே எழுத்துப் பழக்கலாம். சுளகு, அரிசி, பழைய கலண்டரின் பின்பக்கம் போதும். மழைக் காலத்தில் இங்கே தாள் நமுத்துப்போய் மைப்பேனை ஊறும். அதற்குப் பென்சில்தான் நல்லது.

என் சின்னத் தங்கச்சி இடக்கைக்காரி. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதை மாற்றச் சொல்கிறார்கள். வலக்கையால் உண்பது நமது ஒழுக்கம், அவளும் அப்படித்தான் உண்கிறாள். பேனையையும் அதோடு சேர்த்துக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தமிழ் எழுதும்போது அவளுடைய கை எழுதியதன் மேலேயே நகர்வதால் விரலெல்லாம் கரியாகும். கொப்பியைக் கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்த்து வைத்தால் அது குறைகிறது. அரபில் கதை தலைகீழ். வலமிருந்து இடமாகப் போகும் எழுத்தில் அவளுடைய பக்கம்தான் சுத்தமாக இருக்கும்; நாங்கள்தான் அப்பிக்கொள்வோம். அந்தக் கொப்பியைக் காட்டிய பிறகு வந்தவர்களில் ஒருவராவது பேச்சை நிறுத்தினார்.

போன மாதம் கட்டாரிலிருந்து மாமி கேட்டிருந்தார். அங்கே அவருடைய மகளுக்குத் தமிழ் வகுப்பு இல்லை, வீட்டில்தான் பழக்கவேண்டும். எந்த எழுத்தைக் காட்டுவது என்று. முதலாம் தரப் புத்தகத்தின் படங்களை அனுப்பவில்லை. தங்கச்சியை மேசையில் இருத்தி, அவள் கை மட்டும் தெரியும்படி ‘அ’ முதல் ‘ஔ’ வரை எழுதவைத்து வீடியோ எடுத்தேன். சுழற்சி எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ‘ஔ’வுக்கு அவள் கொஞ்சம் யோசித்தாள். அதையும் வெட்டாமல் அனுப்பிவிட்டேன்.