களஞ்சியத்தில் வளர்ந்த நோய்

2005ஆம் ஆண்டு கொழும்பில், சிசேரியன் சத்திரசிகிச்சைக்காக முள்ளந்தண்டில் மயக்க ஊசி ஏற்றப்பட்ட ஐந்து தாய்மாரைக் காய்ச்சலும் கடும் தலையிடியும் பீடித்தன. அவர்தம் மூளையுறையில் அழற்சியை விளைத்தது அஸ்பர்ஜிலஸ் என்னும் பங்கசு. நாம் அன்றாடம் சுவாசித்தும் தீங்குறாத பூஞ்சணம் அது. ஊசிவழியே மூளையைச் சூழ்ந்த நீரில் கலந்ததும் உயிர்கொல்லியாயிற்று. ஆழிப்பேரலைக்குப் பின் நன்கொடையாகக் குவிந்து, முறையற்ற களஞ்சியங்களில் கிடந்த ஊசிக்குழாய்கள் மீதே சந்தேகம் விழுந்தது. 2012இல் அமெரிக்காவிலும் மாசடைந்த ஸ்டெரொயிட் ஊசிமருந்து அறுபதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. வறிய நாடு என்ற சாக்கு, ஆகவே, எடுபடாது.

நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் மருந்து படகில்தான் செல்கிறது. நோயாளியும் படகில் குறிகாட்டுவான் வந்து, பின் தரைவழியே யாழ். போதனா வைத்தியசாலையை அடைய வேண்டும். கடல் கொந்தளித்தால் அதற்கும் வழியில்லை. பற்றீரியாவுக்கான மருந்துகளோ பங்கசைத் தொடா, காலதாமதம் உயிராபத்து. பிரசவித்து வீடு திரும்பிய தாய்க்குச் சில வாரங்களுள் காய்ச்சலும் தலையிடியும் கண்டால், முள்ளந்தண்டில் ஊசி ஏற்றியதை வைத்தியரிடம் முதலிலேயே கூறுதல் வேண்டும். ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரை, மருந்துக் களஞ்சியங்களின் ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் நாள்தோறும் அளந்து பதிவதைச் சுகாதாரத் துறையினர் கட்டாயமாக்கட்டும். தலைநகரிலேயே தவறிய காரியம் இது.