வேலியில் ஒரு விளக்கு!

தமிழ்நாட்டின் மாநில மலர் எது? "செங்காந்தள்" என்று பள்ளிப் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால், அந்தப் பூவை நேரில் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்?

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் வரிசையாகச் சொன்ன 99 பூக்களில் முதல் பூ இதுதான். கார்த்திகை மாதத்தில் பூப்பதால் கார்த்திகைப் பூ என்றும் பெயர். ஆறு இதழ்கள், அடியில் மஞ்சள், மேலே சிவப்பு. பார்த்தால் தீச்சுடரேதான்! வேலியை வெட்டிச் சுவர் எழுப்பும் ஊர்களில் இந்தக் கொடிக்கு இடம் இல்லாமல் போகிறது.

தஞ்சை வட்டாரத்தில் இதை வளர்க்க முடியுமா? முடியும். வேதாரண்யம் பக்கம் இதைப் பயிராகவே செய்கிறார்கள். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். ஆகவே, மணல் கலந்து, மண்ணை மேடாக்கி, ஆடியில் நட வேண்டும். இலை நுனி சுருண்டு தானே வேலியைப் பற்றிக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கை! கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. அதிலுள்ள 'கால்சிசின்' கீல்வாதத்துக்கு மருந்தாகிறது. ஆனால், கிழங்கைத் தின்றால் உயிரே போகும். சிறு குழந்தையும் ஆடு மாடும் உள்ள வீட்டில் இது வேண்டாம்.

அதற்காக அடியோடு ஒதுக்குவதா? அரளியும் நஞ்சுதான், அதை நந்தவனத்தில் வளர்க்கவில்லையா? அங்கேயே செங்காந்தளுக்கும் ஓர் ஓரம் கொடுக்கலாம். கார்த்திகையில் வேலியிலும் ஒரு விளக்கு எரியட்டும்!