கடல் கடந்த குரலும் கைக்கடக்கமான கருவியும்



பிழைப்பின் நிமித்தம் சொந்த ஊரை விட்டு மும்பைக்கும் டெல்லிக்கும் பெங்களூருக்கும் குடிவந்தவர்கள் நாம். நம்முடைய பிள்ளைகளோ இன்னும் ஒரு படி தாண்டி, துபாய்க்கும் டொரொன்டோவுக்கும் சிகாகோவுக்கும் சென்றுவிட்டார்கள். மஞ்சள் பலகை தொங்கிய ஐ.எஸ்.டி. கூண்டுகளில், இரவுக் கட்டணச் சலுகைக்காகக் காத்திருந்து, கட்டணக் கருவியில் ஓடும் எண்களின் மேல் கண்ணை வைத்தபடியே பேசிய காலம் கடந்துபோயிற்று. இன்று கைப்பேசிச் செயலி வழியாக முகம் பார்த்தே பேசுகிறோம்.

ஆயினும் எல்லாக் குடும்பத்துக்கும் அது போதுமானதாக இல்லை. கைப்பேசித் திரையைத் தொடத் தயங்கும் முதிய தாய்க்கு, மணி அடித்தால் எடுத்துப் பேசும் சாதாரணத் தொலைபேசியே பழக்கம். வெளிநாட்டிலிருக்கும் மகனோ, ஊரிலுள்ள வங்கியையும் மருத்துவமனையையும் அழைத்தாக வேண்டும். அவை செயலியில் பேசுவதில்லை. இத்தகையோருக்கு உதவுபவையே இணையத் தொலைபேசிக் கருவிகள். அவற்றை வாங்குமுன் அறிந்துகொள்ள வேண்டிய காரியங்களை இம்மாதம் ஆராய்வோம்.

குரல் பயணப்படும் விதம்

நாம் பேசும் குரலை இக்கருவி ஒரு விநாடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்குகிறது. அவ்வெண்கள் சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, விநாடிக்கு ஏறத்தாழ 50 பொட்டலங்கள் வீதம் இணையத்தின் வழியே அனுப்பப்படுகின்றன. மறுமுனையிலுள்ள கருவி அவற்றை வரிசைப்படுத்தி மீண்டும் குரலாக்குகிறது. மின்னஞ்சல் செல்லும் அதே பாதையில் குரலும் செல்வதால், தூரத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. மலிவின் இரகசியம் இதுவே.

இதற்கு மிகுந்த வேகம் தேவையில்லை. தெளிவான குரலுக்கு ஒரு திசைக்கு விநாடிக்கு 100 கிலோபிட் இருந்தால் போதும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு இரு திசையும் சேர்த்து ஏறத்தாழ 80 மெகாபைட் செலவாகும். வேகத்தைவிடத் தாமதமே முக்கியம். ஒருவர் சொல்வது மற்றவர் செவியை எட்ட 150 மில்லிவிநாடிக்குள் ஆனால் உரையாடல் இயல்பாக இருக்கும். 400 மில்லிவிநாடியைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்த நேரிடும். ஆகையால் குரல் தடுமாறினால் கருவியைக் குறைகூறுமுன், வீட்டில் வேறொருவர் அதே இணைப்பில் திரைப்படம் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

கருவிகளின் வகைகள்

முதலாவது, தொலைபேசி அடாப்டர் என்னும் சிறு பெட்டி. ஒரு பக்கத்தில் இணைய ரௌட்டரின் கம்பியையும், மறுபக்கத்தில் வீட்டிலுள்ள பழைய தொலைபேசியையும் இணைத்துவிட்டால் போதும். கணினி வேண்டியதில்லை. முதியோருக்கு ஏற்றது இதுவே.

இரண்டாவது, கணினியில் செருகும் யு.எஸ்.பி. கருவி. 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த மேஜிக்ஜாக் இவ்வகையைப் பெயர்பெறச் செய்தது. கணினி இயங்கிக்கொண்டிருந்தால் மட்டுமே மணி அடிக்கும் என்பது அதன் குறை. 2011இல் வந்த அதன் அடுத்த வடிவம் ரௌட்டரில் நேரே இணைக்கத்தக்கதாக அமைந்தது.

மூன்றாவது, இணையத்துக்கென்றே செய்யப்பட்ட ஐ.பி. தொலைபேசி. இது பெரும்பாலும் அலுவலகங்களுக்கு உரியது. இவையன்றி, எண்ணும் கட்டணமும் உடைய கைப்பேசிச் செயலிகளும் உண்டு.

மலிவு எந்தத் திசையில்?

பலர் ஏமாறும் இடம் இதுவே. மேஜிக்ஜாக் போன்ற கருவிகளில் உலகின் எந்த இடத்திலிருந்தும் அமெரிக்கா, கனடா எண்களுக்கு இலவசமாகப் பேசலாம் என்பதே வாக்குறுதி. அமெரிக்கர் ஒருவர் வெளிநாடு செல்கையில் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்று, தம் வீட்டோடு பேசுவதற்கு அது மெத்த உதவி. ஆனால் சிகாகோவிலிருக்கும் மகன் அதை வாங்கி மும்பையிலுள்ள எண்ணை அழைத்தால், அது இலவசமன்று. நிமிடக் கட்டணம் உண்டு. எனவே ‘வரம்பற்ற அழைப்பு’ என்ற சொல்லைக் கண்டவுடன் மகிழாமல், எந்த நாட்டுக்கு, சாதாரணத் தொலைபேசிக்கா கைப்பேசிக்கா, மாதத்துக்கு எத்தனை நிமிடம் என்று மூன்றையும் கேளுங்கள்.

ஆண்டுச் சந்தா செலுத்துமுன்

அமெரிக்காவில் சன்ராக்கெட் என்ற நிறுவனம் ஆண்டுக்கு 199 டாலர் முன்பணம் பெற்று இணையத் தொலைபேசிச் சேவை அளித்தது. 2007 ஜூலையில் அது திடீரென மூடப்பட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் திகைத்து நின்றார்கள். பெரிய பெயர்களும் நிலைப்பதில்லை. 2003இல் தொடங்கி உலகமெங்கும் வீட்டுப் பெயராய் விளங்கிய ஸ்கைப், 2011இல் மைக்ரோசாப்ட் வசமாகி, 2025 மே 5ஆம் தேதி தன் சேவையை முடித்துக்கொண்டது.

கற்றுக்கொள்ள வேண்டியது யாதெனில், சேவை நின்றால் பணம் மட்டுமல்ல, எண்ணும் போய்விடக்கூடும். அவ்வெண்ணையே வங்கிக்கும் வேலை கொடுத்தவருக்கும் தந்திருந்தால் பாடு பெரிது. முதல் சில மாதங்கள் மாதக் கட்டணத்தில் பயன்படுத்திப் பாருங்கள். இந்திய வங்கியின் ஒருமுறைக் கடவு எண் வரும் சிம் அட்டையைக் கைவிடாதிருங்கள்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

நம் நாட்டில் 2002 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் இணையத் தொலைபேசிக்கு அனுமதி உண்டாயிற்று. ஆயினும் இணையத்திலிருந்து வரும் அழைப்பை உள்நாட்டுச் சாதாரணத் தொலைபேசியோடு இணைக்க நெடுங்காலம் தடை இருந்தது. 2018இல்தான் உரிமம் பெற்ற நிறுவனங்கள் அவ்விணைப்பை அளிக்க வழி திறந்தது.

உரிமம் என்ற இச்சொல்லே முக்கியம். நம் நகரங்களில் சிலர் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பல சிம் அட்டைகள் செருகிய பெட்டிகளை வைத்து, வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரும் அழைப்புகளை உள்ளூர் அழைப்புகளாக மாற்றி அனுப்புகிறார்கள். மகன் அயல்நாட்டிலிருந்து பேசும்போது உங்கள் திரையில் அறியாத உள்ளூர் எண் தோன்றினால், அழைப்பு இத்தகைய குறுக்குவழியில் வந்திருக்கக்கூடும். இதே வழியை மோசடிக்காரரும் பயன்படுத்துகிறார்கள். உரிமமின்றித் தொலைத்தொடர்புச் சேவை நடத்துவோருக்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 3 ஆண்டுவரை சிறையோ, 2 கோடி ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. ஆகையால் ‘சிறு இயந்திரம் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறோம், மின்கட்டணத்தோடு வாடகையும் தருகிறோம்’ என்று வருவோருக்கு அறையைக் கொடாதிருங்கள். உங்கள் ஆதாரைக் காட்டிப் பிறருக்கு சிம் அட்டை வாங்கித் தராதிருங்கள். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் காணலாம்.

வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் இன்னும் கருத்தாய் இருக்க வேண்டும். சவுதி அரேபியா 2017 செப்டம்பரில் இணைய அழைப்புகளுக்கான தடையை நீக்கிற்று. ஐக்கிய அரபு அமீரகமோ அனுமதி பெற்ற செயலிகளையே ஏற்கிறது. அங்கே குற்றம் செய்யவோ, செய்த குற்றத்தை மறைக்கவோ வி.பி.என். போன்ற வழிகளால் இணைய முகவரியை மாற்றிக் காட்டுவோருக்கு 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம்வரை அபராதம் உண்டு. சில ரூபாய் மிச்சத்துக்காக வேலையையும் விசாவையும் பணயம் வைப்பது புத்தியன்று. அறைத்தோழர் சொல்லை நம்பாமல், அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனத்திடமே கேட்டறியுங்கள்.

ஆபத்து வேளையில்

இக்கருவிக்கு மின்சாரமும் இணையமும் வேண்டும். இரண்டில் ஒன்று நின்றாலும் தொலைபேசி ஊமையாகிவிடும். அமெரிக்காவில் 911 எண்ணுக்கு அழைப்புச் செல்ல வேண்டுமென்று இணையத் தொலைபேசி நிறுவனங்களுக்கு 2005இல் ஆணை பிறந்தது. ஆனால் உதவி வந்து சேருவது நீங்கள் பதிவுசெய்த விலாசத்துக்கே. டல்லாஸில் பதிவுசெய்த பெட்டியை நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோய் விலாசத்தை மாற்றாதிருந்தால், ஆம்புலன்ஸ் டல்லாஸ் வீட்டு வாசலில் நிற்கும். இந்தியாவுக்குக் கொண்டுவந்த அமெரிக்கப் பெட்டியிலிருந்து 112க்கு உதவி கிடைக்குமென்று எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே வீட்டில் முதியோர் தனித்திருந்தால், மின்னேற்றிய சாதாரணக் கைப்பேசி ஒன்று கட்டிலருகே எப்போதும் இருக்கட்டும். அதில் 112ஐயும் பக்கத்து வீட்டாரின் எண்ணையும் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். ரௌட்டருக்கும் அடாப்டருக்கும் சிறு பேட்டரிக் காப்பு வாங்கினால், மின்தடையிலும் சில மணி நேரம் பேசலாம்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கருவியை வாங்கி அனுப்புவதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. விடுமுறையில் வரும்போது நீங்களே அதை இணைத்து, பெற்றோரைக் கொண்டே நான்கைந்து முறை அழைக்கச் செய்து, அணைத்து மீண்டும் இயக்கும் முறையைத் தமிழில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள். அழைக்கும் நாளையும் நேரத்தையும் முன்னரே குறித்துவிடுங்கள். அடிக்காத தொலைபேசியின் அருகே காத்திருப்பவருக்கு, நிமிடத்துக்கு எவ்வளவு கட்டணம் என்பது ஒரு பொருட்டல்ல.