துண்டாக எடுத்த கமிட்டும் ஓட வேண்டும்

ஒரே கோப்பில் மூன்று வேலை நடந்திருக்கும்: வரிக் கணக்கில் ஒரு பிழைத்திருத்தம், ஒரு ஃபங்ஷனுக்குப் பெயர் மாற்றம், பிழையைத் தேடும்போது போட்ட பிரிண்ட் வரிகள். மூன்றையும் ஒரே கமிட்டில் திணித்து ‘சில திருத்தங்கள்’ என்று எழுதிவிடுகிறோம். பின்னாளில் அந்தப் பிழைத்திருத்தத்தை மட்டும் பழைய ரிலீஸுக்குக் கொண்டுபோக வேண்டியவர் பாடு திண்டாட்டம்தான்.

இதற்குக் கிட்டில் ‘ஆட் மைனஸ் பி’ இருக்கிறது; அது மாற்றங்களை ஹங்க் எனப்படும் துண்டுகளாகக் காட்டி, ஒவ்வொன்றையும் சேர்க்கவா என்று கேட்கும். 2005இல் கிட் வருவதற்கு முன்பே டார்க்ஸ் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி இப்படிக் கேட்டது. கிட்டில் ஒய், என் தட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். ஒரு ஹங்கைப் பிரிக்க எஸ். ஆனால் நடுவில் மாறாத வரி ஒன்றாவது இருந்தால்தான் அது பிரியும். ஒட்டிக்கிடக்கும் வரிகளுக்கு ஈ. எடிட்டர் திறந்ததும், வேண்டாத பிளஸ் வரியை அழித்துவிட வேண்டும். நீக்கம் வேண்டாமென்றால் மைனஸ் குறியை எடுத்துவிட்டு அங்கே ஒரு இடைவெளி விட வேண்டும். பலர் இங்கேதான் பயந்து பின்வாங்குகிறார்கள். நாலைந்து முறை செய்தால் கை பழகிவிடும்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. இப்படிப் பொறுக்கிச் சேர்த்த கமிட் எந்த நேரத்திலும் நம் கணினியில் அந்த உருவத்தில் இருந்ததில்லை. டெஸ்ட் ஓடியது முழுக் கோப்பின் மேல். கமிட்டானது அதில் ஒரு பகுதி. ஃபங்ஷனின் புதிய பெயர் உள்ளே போய், அதை அழைக்கும் வரி வெளியே நின்றுவிட்டால் நமக்கு எதுவும் தெரியாது, நம் கணினியில் பில்ட் பச்சையாகவே இருக்கும். புதிதாக உருவாக்கிய கோப்பு இன்னும் மோசம்: கிட் இதுவரை கண்காணிக்காத கோப்பை ‘ஆட் மைனஸ் பி’ காட்டவே காட்டாது. பின்னால் பிழை நுழைந்த கமிட்டைத் தேடி பைசெக்ட் ஓட்டுபவர், பில்டே ஆகாத அந்தக் கமிட்டில் வந்து முட்டிக்கொண்டு ‘ஸ்கிப்’ கொடுப்பார். தேடிய பிழை அங்கேயே இருந்தாலும் அவருக்கு அகப்படாது.

ஆகவே கமிட் செய்ததும் மிச்சத்தை ஸ்டாஷில் போடுங்கள். ‘மைனஸ் யு’ சேர்க்க மறந்தால் அந்தப் புதிய கோப்பு அங்கேயே கிடந்து டெஸ்ட்டை ஏமாற்றும். பிறகு டெஸ்ட்டை ஓட்டி, தேவையானால் அமெண்ட் செய்து, ஸ்டாஷைத் திரும்ப எடுக்கலாம். ஸ்டாஷின் ‘கீப் இண்டெக்ஸ்’ வழியும் உண்டு. ஈ போட்டுத் திருத்திய ஹங்குகளில் அது திரும்ப எடுக்கும்போது முரண்படக்கூடும் என்பதால் முதல் வழியையே பரிந்துரைக்கிறோம்.

லினக்ஸ் கெர்னலுக்குப் பேட்ச் அனுப்புவோரிடம், வரிசையில் ஒவ்வொரு பேட்ச்சுக்குப் பிறகும் கெர்னல் பில்டாகி ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நம் குழுக்களில் சிஐ பெரும்பாலும் கிளையின் கடைசிக் கமிட்டை மட்டுமே பார்க்கிறது. ரீபேஸுக்கு ‘எக்ஸெக்’ கொடுத்தால் ஒவ்வொரு கமிட்டிலும் டெஸ்ட் ஓடும், தவறிய இடத்தில் நின்றுவிடும். புல் ரிக்வெஸ்ட் திறக்குமுன் இதைக் கட்டாயமாக்கும் பொறுப்பு குழுத் தலைவர்களுடையது.