மழையில் நனைந்த ஒரு கச்சேரி

"ராக் இசையா? காட்டுக்கத்தல்!" என்று சொல்லும் என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான்.

2003 ஏப்ரல் 4. பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கச்சேரி. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகனோடு போகவேண்டிய நண்பனுக்குக் காய்ச்சல். டிக்கெட் வீணாகிறதே என்று, "நீங்க வர்றீங்களாப்பா?" என்று ஒப்புக்குக் கேட்டான். நான் சரி என்றதும் அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அந்த நாட்களில் எங்களுக்குள் பேச்சே குறைவு. "சத்தத்தைக் குறைடா" என்பதுதான் நான் அவனிடம் அதிகம் சொன்ன வார்த்தை.

அன்று நல்ல மழை. எங்கள் பக்கம் உட்கார நாற்காலி கிடையாது. சேற்றில் நின்றபடி, வந்தது தப்போ என்று யோசித்தேன். ஆனால் சுற்றியிருந்த ஒருவரும் நகரவில்லை. நம் டிசம்பர் சீசனில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி சபா கேன்டீனுக்கு எழுந்து போவது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது 59 வயது. எனக்கு 57. நான் ரிடையர்மென்ட்டுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தார். எனக்குப் பிடித்தது பின்னால் உட்கார்ந்திருந்த டிரம்ஸ்காரர் சார்லி வாட்ஸ். ஆர்ப்பாட்டமே இல்லை. நல்ல மிருதங்க வித்வான் மாதிரி, மற்றவர்கள் எங்கே போனாலும் தாளத்தைப் பிடித்து நிறுத்தினார். "அவருக்கு ஜாஸ்தான்பா உயிர்" என்று மகன் என் காதருகே கத்தினான். அன்று அவன் என்னிடம் பேசியது, அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் பேசியதைவிட அதிகம்.

கூட்டம் கலையும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் தொலைந்துபோய்விடுவேனாம்! தேர்த் திருவிழாவில் அவன் கையை நான் பிடித்துக்கொண்டு நடந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

குறையும் சொல்லவேண்டும். இரண்டு நாள் காதில் ரீங்காரம் நிற்கவில்லை. இது விளையாட்டு இல்லை. உள்காதில் ஒலியை உணரும் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022ல் வரையறை சொல்லியிருக்கிறது. நடத்துகிறவர்கள் அதை மதிக்கவேண்டும். வயதானவர்களுக்குப் பின்வரிசையில் நாலு நாற்காலியாவது போடவேண்டும்.

ஆனால் சத்தத்துக்குப் பயந்து பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். மருந்துக்கடையில் காது அடைப்பான் விற்கிறது; வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். முடிந்தால் ஒருமுறை கூடவே போய் வாருங்கள். பாட்டு பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை. பிள்ளை எதைக் கேட்டு உருகுகிறான் என்று பக்கத்தில் நின்று பார்ப்பதே பெரிய விஷயம்.

2021 ஆகஸ்டில் சார்லி வாட்ஸ் காலமானார். அன்று இரவு வெளிநாட்டிலிருந்து மகன் போன் செய்தான். "உங்க மிருதங்கக்காரர் போயிட்டார்ப்பா" என்றான். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.