தொடர்ந்து கொடுக்கும் மனம்

முதன்முறை இரத்ததானம் செய்வோரை அழைத்துச் செல்வது பெரும்பாலும் உறவினரின் நெருக்கடி அல்லது நண்பரின் வற்புறுத்தல். ஆனால், மீண்டும் மீண்டும் கொடுப்போரை எது அழைத்துச் செல்கிறது? அமெரிக்கச் சமூகவியலாளர்களான ஜேன் பிலியாவினும் பீட்டர் கலேரோவும் 1991இல் வெளியிட்ட நூலில் இதை ஆராய்ந்தனர். கொடுக்கக் கொடுக்கப் பிறர் தூண்டுதல் பின்னுக்குச் சென்று, ‘நான் இரத்தம் கொடுப்பவன்’ என்னும் தன்னுணர்வே முன்னிற்கிறது என்றனர்.

நமக்கு இது புதிதன்று. குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள்.

இரத்தத்தின் இயல்பும் இதையே வேண்டுகிறது. சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாட்களே சேமிக்க இயலும்; தட்டணுக்களை ஏறத்தாழ 5 நாட்களே. தலசீமியா நோயுற்ற குழந்தைக்கோ சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒருநாள் முகாம் நடத்திப் படமெடுத்துக்கொள்வது அக்குழந்தைக்குப் போதுமா?

பழக்கமாகிவிட்டால் நிய்யத் தேய்ந்துவிடாதா என்று சிலர் கேட்கலாம். நிய்யத்தை ஒவ்வொரு முறையும் புதுப்பிப்பதே அதற்கு மருந்து, நற்பழக்கத்தைக் கைவிடுவதன்று. மேலும், பெறுபவர் யாரென்றே அறியாத இக்கொடையில் முகஸ்துதிக்கு இடம் குறைவு.

நம் நாட்டு விதிப்படி, உடல்நலமுள்ள ஆண்கள் 3 மாதங்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 4 மாதங்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். மஹல்லா ஜமாஅத்துகள் கொடையாளர் பட்டியலைப் பேணி, தவணை வந்தோருக்கு ஜும்ஆவுக்குப் பின் நினைவூட்டட்டும். ஓர் உயிரை வாழவைப்பது மனிதகுலம் முழுவதையும் வாழவைப்பதற்கு ஒப்பானது என்று நம்பும் சமுதாயம், அழைப்பு வரும்வரை காத்திருக்கலாகாது.