சமதரை தேடும் கால்கள்

1958ஆம் ஆண்டு டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில், உயரம் பாய்தலில் இலங்கைக்கு முதற் தங்கப் பதக்கம் ஈட்டித் தந்தவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியா சர்வகலாசாலை அணிக்காகவும் பாய்ந்தவர் அவர். ஆயினும், அவர் முதலிற் பயின்றது யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் அன்றோ? சர்வகலாசாலை அணிகள் வீரரைத் தேர்ந்தெடுக்கின்றன. வீரர் உருவாவதோ பள்ளி மைதானத்தில்.

நம் அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் அந்த மைதானம் எங்கே? சரிவெல்லாம் தேயிலை. கிடைத்த சமதரையில் தொழிற்சாலை, மடுவம், பெரட்டுக்களம். டிக்கோயாவை அடுத்த டரவளையில் வெள்ளைத் துரைமார் 1868இலேயே தமக்கெனக் கிரிக்கெட் கழகம் கண்டனர். கொழுந்து பறித்தோரின் பிள்ளைகளோ லயத்து வாசலிற் பந்தடித்தனர். பந்து பள்ளத்தில் உருண்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது!

தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசின் பொறுப்பில் வரத் தொடங்கின. இன்று நம் பிள்ளைகள் பேராதனைக்கும் பிற சர்வகலாசாலைகளுக்கும் செல்கின்றனர். நாள்தோறும் ஏற்றம் ஏறிப் பள்ளி சென்ற அக்கால்களுக்கு ஓட்டம் அரிதன்று. ஓடிப் பழக இடந்தான் அரிது. வகுப்பறைக் கட்டடம் கேட்டு மனு எழுதும் பெற்றோர், தோட்டக் கம்பனியிடம் இரண்டு ஏக்கர் சமதரையும் சேர்த்தே கேட்கலாம்.